இரண்டும் மூன்றும்

ஃப்ரேசர் டவுன் சர்ச் விற்பனையில்
கிலோ எழுபதுக்கு வாங்கினேன்,
பதினோரு கிலோ ரெக்கார்டு.
கேட்பதற்காக இல்லை.
அவனில் சில நிமிடம் வைத்தால்
ஓரம் மடங்கிக் கிண்ணமாகும் என்று
யாரோ வீடியோ போட்டிருந்தார்கள்.

மூன்று செய்தேன்.
ஒன்றில் வெங்காயம், ஒன்றில் சாவிக்கொத்து,
இன்னொன்றை ஆரோக்கியம் தொப்பியாகப் போட்டு உடைத்தான்.
நான்காவதை எடுத்தபோது
லேபிள் பாதி கிழிந்திருந்தது.
மிச்சப் பாதியில் நீலப் பேனாவில்
'திருப்பித் தரவும்'.

யாருக்கு?
அதற்கு முதலில் அது என்னவென்று தெரிய வேண்டும்,
தெரிய ஒரு மெஷின் வேண்டும்.
பள்ளிக் கட்டணம் போக
நைட் டூட்டிப் பணம் ஒன்பதாயிரம் இருந்தது.

எஸ்.பி. ரோட்டில் நயீமுல்லா
முதலில் காட்டியது ரோஸ் நிறப் பெட்டி.
ஐயாயிரத்து ஐந்நூறு, ஸ்பீக்கர் உள்ளேயே,
ப்ளூடூத்கூட உண்டாம்.
முள்ளை விரல்நுனியில் தாங்கினேன்.
ஐந்து கிராமாவது இருக்கும்.
"இது பாடாது, உழும்."
"எடையெல்லாம் எப்படித் தெரியும் சிஸ்டர்?"

ஊசிதானே என் பிழைப்பு.
டயாலிசிஸ் பிரிவில் பதினாறாம் நம்பர்,
அதே கை, அதே நரம்பு, வாரம் மூன்று முறை.
எவ்வளவு அழுத்தினால் எதிரில் இருப்பவர்
பேச்சை நிறுத்தமாட்டார் என்பது
விரலுக்குத் தெரியும்.

அடுத்தது ஜப்பான், மோட்டாரிலேயே தட்டு.
பதினெட்டாயிரம் என்றதும்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது பெல்ட்டில் ஓடுவது.
மூடி இல்லை, ஒரு காலில் ரப்பர் இல்லை,
ஆனால் கையின் பின்பக்க எடை
தொட்டால் நகர்ந்தது, விட்டால் நின்றது.
முள்ளுக்கு இரண்டு கிராம், அதற்குமேல் வேண்டாம் என்றால்
கேட்டுக்கொள்ளும் ஜாதி.
"சும்மா ஓட விடுங்க."
காதை வைத்தேன்.

ஆறு பம்ப் சுற்றும் அறையில் நாளெல்லாம் இருப்பவள்.
ஒன்று சோர்ந்தால்
அலாரத்துக்கு முன் என் கழுத்து திரும்பும்.
இது ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில்
மூச்சு வாங்கியது.
"பெல்ட் தளர்ந்திருக்கு."
"மேடம், அது அப்படித்தான்."
"தளர்ந்திருக்கு."
புது பெல்ட்டோடு எட்டாயிரத்து எழுநூறு.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த இடத்தில்
நடுவில் ஒரு சின்ன டப்பா வேண்டும் என்றார்,
இல்லாவிட்டால் கொசு பேசுகிற மாதிரிதான் கேட்குமாம்.
அது ஆயிரத்து நூறு.
குறைந்த எண்ணூறை ஆரோக்கியத்திடம் கேட்டேன்.
'போன்ல எல்லாம் சும்மா வருதே' என்று எழுதிவிட்டு
அனுப்பினான்.

மர்பி டவுனில் தண்ணி லாரி போனால்
எங்கள் மாடி இருமும்.
கடப்பாக் கல் மேல் மெஷினை வைத்தோம்.
இல்லாத காலுக்கு
ஹெப்பாரின் பாட்டிலின் ரப்பர் மூடி
அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

பொரிகிற சத்தம். பிறகு ஒரு பெண்.
ஒரு சொல் சொன்னாள், நிறுத்தினாள்.
இன்னொரு சொல், நிறுத்தினாள்.
ஆரோக்கியம் போனை நீட்ட,
சும்மா வருகிற போன் சொன்னது: ரஷ்ய மொழி.
திருகு. இறக்கை. எரிபொருள். இன்னொரு முறை.
ஓல்ட் ஏர்போர்ட் ரோடு பக்கம்
எவனோ விமானம் பழுதுபார்ப்பவன்
ராத்திரி சாப்பாட்டுக்குப்பின்
அந்த இடைவெளிகளில் வாயசைத்திருப்பான்.
எனக்கும் வாய் அசைந்தது.

திருப்பிப் போட்டேன்.
ஒன்றாம் பாடத்தின் பின்புறம் நான்காம் பாடம்.
அடுக்கி வைத்தால் தானே விழுந்து பாடும் மெஷின்களுக்காக
அப்படி அச்சிடுவார்களாம்.
இரண்டும் மூன்றும்
அடுத்த தட்டில்.

அடுப்படியைப் பார்த்தோம்.
கிண்ணத்தின் உள்பக்கம்
வரிகள் அலையாக நெளிந்திருந்தன,
மேலே வெங்காயச் சருகு.

நான்காம் பாடத்தில் அவள் கேள்வி கேட்கிறாள்,
நடுவில் உள்ளதெல்லாம் படித்துவிட்டு வந்திருப்போம் என்று.
கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.
ஆரோக்கியம் கிண்ணத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தபடி
"தெரியலைம்மா" என்றான்.
அதற்குள் அவள்
அடுத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.